நோவா நின்றாச்சு, மீட்டியோர் தலைக்கு மேல் வரும்போது மட்டும் படம் கருப்பாகிறது. எங்கே தப்பு?

திருச்சி137:

அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை நேரடியாக ரேடியோவில் பிடித்துக்கொண்டிருந்தேன். நோவா-18 ஜூன் 2025இல் போனது, ஆகஸ்டில் 19உம் 15உம் போய்விட்டன. அதே செட்டப்பை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 செயற்கைக்கோள்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். விவரம்:

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்). ஆன்டெனா வி-டைபோல் (V வடிவில் இரண்டு கம்பிகள்), ஒரு கை 53.4 செ.மீ., இடையே 120 டிகிரி, தரைக்கு இணையாகப் படுக்கை வாட்டில், வடக்கு-தெற்கு பார்த்தபடி. கார் ஷெட்டின் தகரக் கூரைக்கு மேல் பிவிசி பைப்பில் 1.1 மீட்டர் உயரம். ஷெட் 3க்கு 5 மீட்டர். அங்கிருந்து ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் வீட்டுக்குள் வருகிறது. டாங்கிளுக்கு முன்னால் ஒரு மலிவு விலை அகலப்பட்டை எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி). மென்பொருள் சாட்டம்ப், 137.9 மெகாஹெர்ட்ஸ், சாம்பிள் ரேட் 2.4 மெகா, கெயின் (பெருக்க அளவு) முழுசாக 49.6 டெசிபல்.

பிரச்சினை இதுதான்: செயற்கைக்கோள் 20 டிகிரி ஏறியதும் லாக் ஆகிறது (மென்பொருள் சிக்னலைப் பிடித்துக்கொள்கிறது). 25 முதல் 40 டிகிரி வரை எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 8-9 டெசிபல். அதற்கு மேல் ஏற ஏறக் குறைந்து, 65 டிகிரி தாண்டியதும் 1-2 டெசிபலுக்கு வந்து லாக் போய்விடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது திரும்பவும் நன்றாக இருக்கிறது. படத்தில் மேலும் கீழும் தெளிவு, நடுவில் கருப்புப் பட்டை. தலைக்கு மேல் இருக்கும்போதுதானே தூரம் குறைவு, சிக்னல் கூட வேண்டாமா? இதே ஆன்டெனாவில் நோவா படத்தில் நடுவில் லேசான இரைச்சல் தெரியும், அவ்வளவுதான். 40 டிகிரிக்குள் முடிகிற பாஸ்களில் (செயற்கைக்கோள் ஒருமுறை வானைக் கடப்பது ஒரு பாஸ்) எந்தத் தொல்லையும் இல்லை.

ஈயப்பற்று:

முதலில் அந்த எல்என்ஏவைக் கழற்றுங்கள். ஃபில்டர் இல்லாத அகலப்பட்டை எல்என்ஏ 88-108 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் நிலையங்களையும் சேர்த்தே பெருக்கும். அதன்மேல் டாங்கிளிலும் முழு கெயின். டியூனர் திணறுகிறதா என்று பார்க்க எளிய வழி: பாஸ் நடக்கும்போது கெயினை 10 டெசிபல் குறையுங்கள். எஸ்என்ஆர் கூடினால், இவ்வளவு நேரமும் ஓவர்லோடுதான். அப்படியே இருந்தால் அவ்வளவு கெயின் தேவையில்லை. குறைந்தால் கெயின் தேவைதான்.

அடுத்தது எல்என்ஏ இருக்கும் இடம். 15 மீட்டர் ஆர்ஜி-58 இந்த அதிர்வெண்ணில் இரண்டரை டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். கேபிளின் கடைசியில் எல்என்ஏ வைத்தால் இழந்த சிக்னலைத்தான் பெருக்குகிறீர்கள், இரைச்சலும் கூடவே பெருகும். வைப்பதானால் ஆன்டெனாவின் காலடியில் வையுங்கள்: ஆன்டெனா, ஃபில்டர், எல்என்ஏ, கேபிள், டாங்கிள் என்ற வரிசையில். நூலெக்கின் சாபேர்ட் பிளஸ் நோவா மாதிரி 137க்கென்றே ஃபில்டரோடு வருபவை உண்டு. வி3யின் பயஸ்-டீ 4.5 வோல்ட் தரும், கேபிள் வழியாகவே மின்சாரம் போய்விடும். சாட்டம்பில் பயஸ்-டீயை டிக் செய்ய மறந்தால் எல்என்ஏ வெறும் அடைப்பாக நிற்கும், ஒன்றுமே வராது. பாதிப் பேர் 'எல்என்ஏ செத்துப்போச்சு' என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் 137இல் எல்என்ஏ கட்டாயம் இல்லை. இங்கே வானத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலை மீறியது. நல்ல கேபிளும் ஒரு எஃப்எம் தடுப்பு ஃபில்டரும் போதும். டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம்தான், பரவாயில்லை. பொருந்தாமையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை, நீளத்தால் மிச்சமாவதோ ஒன்றரை டெசிபல்.

கால்_அலைநீளம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஓவர்லோடோ கேபிள் இழப்போ செயற்கைக்கோளின் ஏற்றக் கோணத்தைப் பார்த்து வராது. உங்கள் வில்லன் அந்தத் தகரக் கூரை.

137.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2.18 மீட்டர். 1.1 மீட்டர் என்பது சரியாக அரை அலைநீளம். உலோகப் பரப்புக்கு மேல் படுக்கை டைபோலை அரை அலை உயரத்தில் வைத்தால், நேர் மேலிருந்து வரும் அலையும் தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஆன்டெனாவில் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதே இரண்டும் கூடும். கணக்குப் போட்டால், கூரையே இல்லாத நிலையோடு ஒப்பிட 30 டிகிரியில் 6 டெசிபல் வரை லாபம், 60 டிகிரியில் ஏறக்குறைய 2 டெசிபல் நட்டம், 70 டிகிரியில் 8 டெசிபல் நட்டம், உச்சியில் சுத்தக் குழி. நீங்கள் எழுதியிருக்கும் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3க்கு 5 மீட்டர் தகரம் என்பது ஒன்றரை அலைக்கு இரண்டேகால் அலை. ஆடியாக வேலை செய்ய அது தாராளம்.

வைத்தியம்: உயரத்தைக் கால் அலைக்கு, அதாவது 55 செ.மீ.க்கு இறக்குங்கள். அங்கே உச்சியில் இரண்டு அலைகளும் கூடும், 30 டிகிரியிலும் 3 டெசிபல் லாபம் மிஞ்சும். அடிவானத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இழப்பீர்கள், அங்கே மரமும் மாடியும் எப்படியும் மறைக்கும். 40 செ.மீ.க்குக் கீழே இறக்க வேண்டாம், ஆன்டெனாவின் மின்மறுப்பு விழ ஆரம்பிக்கும்.

'இன்னும் உயர்த்தலாமே' என்று யாராவது சொல்லும் முன்: 1.64 மீட்டரில் உச்சி சரியாகும், ஆனால் 42 டிகிரியில் புதுக் குழி பிறக்கும். 2.18 மீட்டரில் உச்சியிலும் 30 டிகிரியிலும் இரண்டு குழிகள். தகரத்தின் மேல் உயரம் கூடக் கூடக் குழிகள்தான் கூடும். கான்கிரீட் மாடியில் கம்பிக்கட்டு இருந்தாலும் குழி இவ்வளவு ஆழமாகாது, அதனால்தான் மாடியில் வைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

நோவாவில் ஏன் தெரியவில்லை என்றால், அது படம் அனுப்பிய ஏபிடி முறை அனலாக். சிக்னல் இளைத்தால் படத்தில் பொடி விழும், படம் இருக்கும். மீட்டியோரின் எல்ஆர்பிடி முறை டிஜிட்டல். விட்டர்பி, ரீட்-சாலமன் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் பிழை திருத்தும் வரை ஒரு புள்ளிகூடப் பிசகாது, அந்த எல்லை தாண்டினால் ஒரு வரிகூட வராது. குழி அப்போதும் இருந்தது, ஏபிடி பொறுத்துக்கொண்டது.

தாழ்வட்டம்:

உயரத்தை மாற்றிச் சோதிக்கும்போது என்2-4ஐ மட்டும் வைத்துச் சோதிக்கவும். 2023 ஜூனில் ஏவப்பட்ட என்2-3இன் எல்ஆர்பிடி ஆன்டெனா முழுதாக விரியவில்லை என்றே கருதப்படுகிறது. அதன் சிக்னல் பாஸின் நடுவே தானாகவே ஏறி இறங்கும். அதை அளவுகோலாக வைத்தால் உங்கள் தப்பு எது, அதன் தப்பு எது என்று பிரிக்க முடியாது. 2024 பிப்ரவரி 29இல் போன என்2-4 ஒழுங்கானது.

137.9, 137.1 இரண்டும் இந்த இரண்டுக்கும் இடையே மாறியிருக்கின்றன. 2.4 மெகா சாம்பிள் ரேட்டில் 137.5ஐ நடுவில் வைத்தால் வாட்டர்ஃபாலில் (அதிர்வெண் வாரியாகச் சிக்னலைக் காட்டும் திரை) இரண்டு அதிர்வெண்ணும் சேர்ந்தே தெரியும். சுமார் 120 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் மேடு எங்கே எழுகிறதோ அங்கே டியூன் செய்தால் போதும்.

சாட்டம்பில் மீட்டியோர் எம்2-எக்ஸ் என்ற பெயரில் இரண்டு பைப்லைன் (டிகோடிங் அமைப்பு) இருக்கும், 72கே என்றும் 80கே என்றும். 72கேயில் தொடங்குங்கள். தப்பானதைத் தேர்ந்தால் எஸ்என்ஆர் 10 காட்டினாலும் கான்ஸ்டலேஷன் (சிக்னலின் புள்ளி வரைபடம்) நாலு கொத்தாகப் பிரியாது, வளையமாகவே சுற்றும், விட்டர்பி பச்சையாகாது. எஸ்என்ஆர் இருக்கிறது, படம் இல்லை என்ற புகாரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டாப்ளர் (செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் நகர்வது) பற்றிக் கவலை வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் கூட்டியும் குறைத்தும் 3 கிலோஹெர்ட்ஸ் அளவுதான், மென்பொருள் தானே துரத்திப் பிடிக்கும். வி3யில் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியக் கடிகாரம் இருப்பதால் அதனால் வரும் பிழை 140 ஹெர்ட்ஸ்தான். பழைய நீல நிற டாங்கிள்களில் 50 பிபிஎம் பிழைகூடச் சாதாரணம். அது 7 கிலோஹெர்ட்ஸ் தள்ளும், சூடாகச் சூடாக இன்னும் நகரும். அவற்றை 10-15 நிமிடம் முன்பே ஓடவிட்டு, பிபிஎம் திருத்தம் போட வேண்டும்.

வண்ணக் கூட்டில் 221 எடுங்கள்: சிவப்புக்கும் பச்சைக்கும் இரண்டாம் சேனல், நீலத்துக்கு முதல் சேனல். மேகமும் கடலும் நன்றாகப் பிரியும். இவை இரண்டும் சூரிய ஒளிச் சேனல்கள், இரவில் கருப்பாக வந்தால் பழுது என்று நினைக்காதீர்கள்.

திருச்சி137:

55 செ.மீ.க்கு இறக்கி, எல்என்ஏவைக் கழற்றி, ஆர்ஜி-6 போட்டாயிற்று. கெயின் 38. என்2-4, உச்சம் 81 டிகிரி: 15 டிகிரியில் லாக், உச்சியில் 11 டெசிபல், விட்டர்பி ஒரு தடவைகூட விடவில்லை. 12 டிகிரிக்குக் கீழே முன்னைவிட மோசம், நீங்கள் சொன்னபடியே. நன்றி.

கூடுதலாக ஒன்று. நாள் முழுக்க வரும் பூமிப் படம் வேண்டுமென்றால் இங்கிருந்து கொரியாவின் புவிநிலை வானிலைச் செயற்கைக்கோள் ஜிகே-2ஏவைப் பிடிக்கலாமா? கையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிரிட் டிஷ் (60க்கு 100 செ.மீ.) இருக்கிறது. டிஷ்ஷைச் சரியான திசையில் வைத்தும் இரைச்சல்தான் தெரிகிறது. எல்என்ஏ 1688 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரோடு வந்தது.

கால்_அலைநீளம்:

பிடிக்கலாம். அது 128.2 டிகிரி கிழக்கில் நிற்கிறது. திருச்சியிலிருந்து ஏற்றக் கோணம் 32 டிகிரி, திசை 99 டிகிரி, அதாவது நேர் கிழக்கிலிருந்து சற்றே தெற்கே. அதிர்வெண் 1692.14 மெகாஹெர்ட்ஸ், படம் அனுப்பும் முறை எல்ஆர்ஐடி. 10 நிமிடத்துக்கு ஒரு முழு வட்ட அகச்சிவப்புப் படம், 2200க்கு 2200 புள்ளிகள். 137 போல இல்லை இங்கே, எல்என்ஏ இல்லாமல் நடக்காது, அதுவும் ஃபீடை (டிஷ்ஷின் குவியத்தில் உள்ள ஆன்டெனா) ஒட்டியே இருக்க வேண்டும்.

டிஷ்ஷை எந்தக் கோணத்தில் சுழற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் இருப்பவர்களின் படத்தைப் பார்த்து நேராக மாட்டியிருந்தால் அதுதான் காரணம். இது நேர்கோட்டு முனைவாக்கம் கொண்ட சிக்னல், அதாவது அலை ஒரே திசையில் அதிரும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், செயற்கைக்கோள் வெகு கிழக்கே. அதனால் அதன் முனைவாக்கம் நம் செங்குத்தோடு ஒப்பிடச் சாய்ந்து வருகிறது, திருச்சியில் 76 டிகிரி, கன்னியாகுமரியில் 80. சுழற்றாமல் விட்டால் 12 டெசிபல் போய்விடும். அந்தச் சின்ன டிஷ்ஷில் அவ்வளவு உபரி கிடையாது.

தாழ்வட்டம்:

சுழற்றும்போது முழு டிஷ்ஷையும் சுழற்றுங்கள். கிரிட் டிஷ்ஷின் கம்பிகள் ஃபீடில் உள்ள டைபோலுக்கு இணையாக இருந்தால்தான் அலை திரும்பும். ஃபீடை மட்டும் திருப்பினால் அலை கம்பிகளுக்கு நடுவே பின்பக்கம் போய்விடும். கம்பத்தில் மாட்டும் கிளாம்ப் பெரும்பாலும் 0, 90 என்ற இரண்டு நிலைகளுக்கே துளை வைத்திருக்கும். 90இல் மாட்டினால் திருச்சிக்கு 14 டிகிரிதான் பிசகு, இழப்பு கால் டெசிபல் சொச்சம், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம். 0வா 90ஆ என்பதை இரண்டையும் மாட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஃபீட் 2.4க்கு வெட்டப்பட்டது. 1.7இல் குவியம் சரியாக அமையாது. ஃபீடை ஒரு வாஷர் கனத்தில் ஆரம்பித்து ஓரிரு செ.மீ. வரை வெளியே தள்ளித் தள்ளி எஸ்என்ஆர் பாருங்கள். வரும் தரவு பூட்டப்பட்டிருக்கும், ஆனால் திறவுகோலைக் கொரிய வானிலைத் துறையே பொதுவில் வைத்திருப்பதால் சாட்டம்ப் அதைத் திறந்துவிடும்.