டேன் 30 போட்டேன், தொட்டி பூமிக்குள் போய்விட்டது

நில அளவையும் எஸ்டிமேட்டும்தான் என் பிழைப்பு. மேசையில் பல வருடமாக உழைத்த சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 7 பொத்தான் விழாமல் போனது. சரி, கணினியில் இலவசமாக இருப்பதைப் பார்ப்போம் என்று விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்தேன்.

1200 + 350 × 4 அடித்தேன். 6200 என்றது. 2600 அல்லவா வர வேண்டும்? ஸ்டாண்டர்டு முறையில் அடிக்க அடிக்கவே கூட்டிக்கொண்டு போகும், பெருக்கலுக்கு முதலிடம் கொடுக்காது. கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரும் அப்படித்தான். ஆல்ட்டுடன் 2 அழுத்தி சயின்டிஃபிக் முறைக்குப் போனதும் அதே கணக்கு 2600 ஆனது. இது தெரியாமல் எத்தனை எஸ்டிமேட் போயிருக்குமோ!

அப்புறம் ஸ்பீட்கிரஞ்ச் என்ற இலவச கால்குலேட்டர் மென்பொருளைப் போட்டேன். ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு உயரம் பார்க்க வேண்டியிருந்தது. 40 மீட்டர் தள்ளி நின்றதில் கோணம் 30 டிகிரி. 40ஐ டேன் 30ஆல் (கோணத்தின் டேன்ஜென்ட்) பெருக்கினால், கருவியின் உயரத்தைக் கூட்டுவதற்கு முன் 23.09 வர வேண்டும். வந்தது மைனஸ் 256.2. தொட்டி பூமிக்குள்! கோண அளவு டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற இன்னொரு அலகில் நின்றிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. ஆனால் அடித்த வரி முழுசாகத் திரையில் இருந்ததால் எண்களில் தப்பில்லை என்று உடனே தெரிந்தது. அமைப்பில் டிகிரிக்கு மாற்றி, அந்த வரியையே மறுபடி ஓட்டினேன். விடையை மட்டும் காட்டும் பெட்டியாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்திருப்பேன். அதனாலேயே இதில் தங்கிவிட்டேன். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டும் பதிப்பும் உண்டு.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது?

*

நான் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். என் கணினியில் இருப்பது குவால்குலேட் என்ற கால்குலேட்டர் மென்பொருள்தான். அலகோடு சேர்த்தே எழுதலாம் என்பதுதான் காரணம். மணிக்கு 72 கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்று என்றால் 20 என்று அலகோடு தருகிறது. மீட்டரையும் வினாடியையும் தெரியாமல் கூட்டினால் விடையைப் பார்த்ததுமே மாட்டிக்கொள்வோம். கோணத்துக்குப் பக்கத்திலேயே டிகிரி என்று எழுதிவிடலாம், உங்கள் தொட்டி பிழைத்திருக்கும் சார். ஒரே குறை, மெனு கடல் மாதிரி. முதல் வாரம் கொஞ்சம் தலை சுற்றும்.

*

விண்டோஸ்காரரை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். நான் கல்லூரியில் படித்தபோது அதில் 4இன் வர்க்கமூலத்திலிருந்து 2ஐக் கழித்தால் பூஜ்யம் வராது, மைனஸில் ஏதோ ஒரு நுண்ணிய எண் வரும். லேபில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்போம். 2018இல் சரிசெய்துவிட்டார்கள். 2019 மார்ச்சில் மூலநிரலையே, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டார்கள். வரைபடம் போடும் வசதியும் பிறகு வந்தது.

எதை எடுத்தாலும் முதலில் மைனஸ் 3இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் அடித்துப் பாருங்கள். எக்செல் 9 என்னும், ஸ்பீட்கிரஞ்ச் மைனஸ் 9 என்னும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவர் அடைப்புக்குறி போடப் பழகிக்கொள்வது நல்லது.

*

அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான். என் பழைய எக்செல் தாள்களை இன்று உட்கார்ந்து புரட்ட வேண்டும். விண்டோஸிலும் எனக்கு ஒரு காரியம் ஆகிறது. கோணத்தில் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 30 டிகிரி 15 நிமிடத்தை 30.15 என்று அடித்து, ஃபங்ஷன் பட்டியலில் டிகிரிக்கு மாற்றும் பொத்தானைத் தட்டினால் 30.25 வந்துவிடுகிறது. அதற்கு மட்டும் அதைத் திறந்து வைத்திருக்கிறேன்.