நுகர்வோர் கோர்ட் மனு ரெண்டாவது தடவை ரிட்டர்ன், அவசரம்!

ஐஸ்பெட்டி_திருப்பூர் (புதியவர்)
வணக்கம். டீப் ஃப்ரீசர் கேஸ். கன்ஸ்யூமர் கோர்ட்ல ஆன்லைன்ல போட்டேன், ரெண்டாவது தடவையா ரிட்டர்ன் பண்ணிட்டாங்க. எல்லா பேப்பரும் இணைச்சிருக்கேன். கேஸ் தள்ளுபடின்னு அர்த்தமா? சிவில் கோர்ட்ல போடலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

தராசுமுள்
தள்ளுபடி இல்லை. ரிட்டர்ன் என்றால் குறையைச் சரிசெய்து திரும்பக் கொடு என்று அர்த்தம், அவ்வளவுதான். உங்க தரப்பைக் கேட்காம ஏற்க மறுக்கக்கூடாதுன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவே சொல்லுது. ரிட்டர்ன் சீட்டில் என்ன எழுதியிருக்கு? அதைப் போடுங்க முதல்ல.

பழைய கட்டு
எப்ப வாங்கினது, எவ்வளவு, பில் யார் பேர்ல, கடை எந்த ஊர், எதிர்த்தரப்பு எத்தனை பேர்? இதெல்லாம் இல்லாம எப்படி பதில் சொல்றது?

செல்வம்_தூத்துக்குடி
நஷ்டஈடு அதிகமா கேட்டிருப்பீங்க. 50 லட்சத்துக்கு மேல போனா மாவட்ட ஆணையம் எடுக்காது. குறைச்சுப் போடுங்க, நம்பர் ஆயிடும் (வழக்கா பதிவாயிடும்).

வாய்தா வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
மேலே உள்ளவர் இன்னும் 1986 சட்டத்திலேயே இருக்கிறார். நஷ்டஈட்டையும் கூட்டிப் பார்த்தது அந்தக் காலம். இப்போது பொருளுக்குக் கொடுத்த விலை மட்டும்தான் கணக்கு. விலை 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டணமும் அந்த விலையை வைத்துத்தான், 5 லட்சம் வரை ஒன்றுமே இல்லை. ஃப்ரீசர் என்ன 50 லட்சமா?
கேள்வி கேட்டவருக்கு: இந்தத் தளத்தில் நூறு தடவை சொல்லியாகிவிட்டது, ரிட்டர்ன் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் மனு போடக் கிளம்பக்கூடாது.

தராசுமுள்
வாத்தியாரே, படிக்கத் தெரியாதவருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். வக்கீல் இல்லாம நேரா வரலாம்னு வச்சதே அதுக்குத்தான்.

ஐஸ்பெட்டி_திருப்பூர்
மன்னிக்கணும். சீட்டுல இருக்கிறது:
1. மனுதாரர் எப்படி நுகர்வோர்?
2. காலவரம்பு எப்படி?
3. மின்னணு ஆவணங்களுக்குச் சான்று இல்லை.
விலை 42,500. கோயம்புத்தூர்ல வாங்கினது. ரெண்டு பேர் மேல போட்டிருக்கேன்.

செல்வம்_தூத்துக்குடி
கோயம்புத்தூர்ல வாங்கிட்டு திருப்பூர்ல போட்டா? அங்கதான் சிக்கல்.

பழைய கட்டு
சிக்கலே இல்லை. 34-ஆம் பிரிவுப்படி மனுதாரர் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், சீட்டிலும் அந்தக் கேள்வி வரலை பாருங்க. முகவரிச் சான்று மட்டும் வைங்க.
முதல் குறிப்புதான் எனக்கு உறுத்துது. பில் யார் பேர்ல?

ஐஸ்பெட்டி_திருப்பூர்
கடை பேர்ல. வீட்டம்மா ஜூஸ் கடை வச்சிருக்காங்க. ஜிஎஸ்டி நம்பரும் பில்லுல இருக்கு. மனு என் பேர்ல போட்டேன்.

பழைய கட்டு
இதைத்தானே முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும்!
வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை, அது 2(7). ஆனா சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துறதுக்காக மட்டுமே வாங்கியிருந்தா அது வியாபார நோக்கம் ஆகாதுன்னு அதே பிரிவில் விளக்கம் இருக்கு. 1995 லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரிச்சுக் காட்டியிருக்கு: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கினவர் நுகர்வோர், ஒத்தாசைக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வச்சிருந்தாலும் பரவாயில்லை. ஆள் வச்சு லாபத்துக்குப் பெரிய அளவில் ஓட்டினா இல்லை.
செய்ய வேண்டியது:
மனுதாரர் உங்க வீட்டம்மா. 'இன்ன கடையின் உரிமையாளர்' என்று சேர்த்து எழுதுங்க. நீங்க அதிகாரக் கடிதம் வாங்கிக்கிட்டு ஆஜராகலாம்.
மனுவுக்குள்ள தனிப் பத்தியா, அவரே கடையை நடத்துறார், குடும்பப் பிழைப்பு அதில்தான், வேலைக்கு இத்தனை பேர் (அல்லது யாரும் இல்லை) என்று எழுதணும். இந்த வரி மனுவிலேயே இல்லைன்னா பின்னாடி வாதத்தில் சொல்லி ஒட்டவைக்க முடியாது. பாதி கேஸ் விழறது இங்கதான்.

சான்று_சம்பத்
எல்லாரும் மூணாவதை விட்டுட்டீங்க. அதுதான் உயிர். வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட், மெயில் எதுவா இருந்தாலும் சான்று இல்லாம குப்பை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி எல்லாம் போயாச்சு. 01.07.2024 முதல் புது சாட்சியச் சட்டம், பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63. படிவம் அட்டவணையிலேயே இருக்கு, ரெண்டு பகுதி: 'அ' நீங்க, 'ஆ' நிபுணர். ஹேஷ் மதிப்பு (கோப்பு மாறலைன்னு காட்டுற குறியீடு) எழுதணும். போன் மாடல், ஐஎம்இஐ எண்ணும் கேட்கும்.

வாய்தா வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
42,500 ரூபாய் கேஸுக்கு நிபுணரா? நுகர்வோர் ஆணையம் சுருக்க விசாரணை மன்றம். நுகர்வோர் சட்டம் 38(6)-இன்படி பிரமாண வாக்குமூலமும் ஆவணமும் பார்த்து முடிக்கிற இடம். சாட்சியச் சட்டத்தின் கறாரை இங்கே கொண்டுவந்தால் நுகர்வோர் நொந்தே போவார்.

சான்று_சம்பத்
கறாரோ இல்லையோ, சீட்டில் கேட்டிருக்காங்களே சார். பதிவறைக்காரர்கிட்ட போய் சுருக்க விசாரணைன்னு பாடம் எடுப்பீங்களா?

வாய்தா வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
எடுப்பேன். எழுத்தில் எடுப்பேன். ஆட்சேபணைக்குப் பதில் எழுதி 'ஆணையத்தின் முன் வைக்கவும்' என்று கேட்டால் உறுப்பினர்கள் முன்னால் வந்துவிடும்.

சான்று_சம்பத்
அதுக்குள்ள ரெண்டு வாய்தா போயிடும். பேரை நல்லாத்தான் வச்சிருக்கீங்க.

தராசுமுள்
சண்டையை நிறுத்துங்க. நடுவழி: பகுதி 'அ'வை வீட்டம்மா கையெழுத்தில் வைங்க, யார் போனில் செய்தி வந்துச்சோ அவங்க கையெழுத்துதான் செல்லும். அதோட நிறுத்தாம, கம்பெனி கொடுத்த பேப்பர் ஜாப் கார்டு (ரிப்பேர் சீட்டு) இருந்தா அதை முன்னாடி அடுக்குங்க. காகிதம் இருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எதுக்கு? ஐஸ்பெட்டி, ஜாப் கார்டு இருக்கா? எத்தனை தடவை ரிப்பேர், என்ன எழுதியிருக்காங்க? கடைசியா கைவிரிச்சது எப்போ?

ஐஸ்பெட்டி_திருப்பூர்
மூணு இருக்கு. மூணுலயும் கேஸ் சார்ஜிங்னு (கூலிங் வாயு நிரப்பினதா) போட்டிருக்கு. வாங்கினது 2023 மே. கடைசி மெயில் 2024 நவம்பர், மாத்தித் தர முடியாதுன்னு. பிரிண்ட் இருக்கு.

தராசுமுள்
ஒரே ஃப்ரீசருக்கு மூணு தடவை கேஸ் நிரப்பினா எங்கேயோ கசியுதுன்னு அவங்க கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. இதைவிட ஆவணம் வேணாம்.
காலவரம்பு: 69-ஆம் பிரிவு, வழக்கு மூலம் (வழக்குக்கான காரணம்) எழுந்த நாளிலிருந்து 2 வருஷம். பில் தேதியிலிருந்து எண்ணிதான் கேள்வி போட்டிருப்பாங்க. வழக்கு மூலம் பத்தியில் வாங்கின தேதி, மூணு ஜாப் கார்டு தேதி, வாரண்டிக் காலம், கடைசி மறுப்பு தேதி எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. 2024 நவம்பர் மறுப்பிலிருந்து எண்ணினா நீங்க உள்ளேதான் இருக்கீங்க.

பழைய கட்டு
ஒரு எச்சரிக்கை. நோட்டீஸ் அனுப்பினா காலவரம்பு நீளும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நீளாது. இந்தச் சட்டத்தில் வக்கீல் நோட்டீஸ் கட்டாயமும் இல்லை. எதுக்கும் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு ஒண்ணும் கூடவே போட்டுடுங்க, 69(2).

தராசுமுள்
அதில் எனக்கு உடன்பாடில்லை. தாமதம் இல்லைன்னு ஒரு பக்கம் சொல்லிட்டு மன்னிப்பு மனு போட்டா, எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும்.

பழைய கட்டு
'தாமதம் இருப்பதாக ஆணையம் கருதும் பட்சத்தில்' என்று முதல் வரியில் போட்டா பிடிக்க ஒண்ணும் கிடைக்காது. போடாம விட்டு, ஆணையம் முதல் ரிப்பேர் தேதியைப் பிடிச்சுக்கிட்டா? அப்ப கையில் மனுவே இருக்காது.

செல்வம்_தூத்துக்குடி
ஃப்ரீசர் இப்ப எங்க இருக்கு? காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க.

வாய்தா வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
அதிசயம், செல்வம் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். உற்பத்திக் குறை என்று நீங்கள் சொன்னால் 'சோதனை எங்கே' என்று கேட்பார்கள். 38(2)-இன்படி ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், 45 நாளில் அறிக்கை, செலவை முதலில் மனுதாரர் கட்ட வேண்டும். பொருளே இல்லையென்றால் சோதனையும் இல்லை. வெளி மெக்கானிக்கைத் தொட விடாதீர்கள், சீல் உடைந்திருந்தால் பழி உங்கள் மேல். விற்ற கடை, தயாரிப்பாளர் இருவரும் எதிர்த்தரப்பில் இருக்க வேண்டும், ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.
நம்பர் ஆன பிறகு: மனு நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எதிர்த்தரப்புக்கு 30 நாள், கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆணையம் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே ஏ.டி. கார்டு (தபால் ஒப்புகை அட்டை) தேதியைக் குறித்து வையுங்கள். 46-ஆம் நாள் பதிலுரையோடு வந்தால் எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டும். அதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

சான்று_சம்பத்
இப்பவாச்சும் பகுதி 'ஆ' வேணுமா வேணாமான்னு யாராவது முடிவா சொல்லுங்க.

வாய்தா வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
வேண்டாம்.

சான்று_சம்பத்
வேணும்.

*(19 நாட்கள் கழித்து)*

ஐஸ்பெட்டி_திருப்பூர்
நம்பர் ஆயிடுச்சு. வீட்டம்மா பேர்ல மாத்திப் போட்டோம். எல்லாருக்கும் நன்றி.

பழைய கட்டு
பொறுத்தருளல் மனு போட்டீங்களா, போடாமலே எடுத்துக்கிட்டாங்களா?

சான்று_சம்பத்
பகுதி 'ஆ' வச்சீங்களா?

செல்வம்_தூத்துக்குடி
ஆள் போயாச்சு.