பனிச்சறுக்குக்கு மவுசு குறைகிறதா, கூடுகிறதா?

நானுஓயா மாறன்:
சுவிஸில் இருக்கும் மாமா போனில் ஒரு விஷயம் சொன்னார். அவர் ஊரைச் சுற்றியுள்ள உயரம் குறைந்த மலைகளில் இப்போது பனி தங்குவதில்லையாம். பிள்ளைகள் ஸ்கீ பழக மலைமேல் ஏற்றிவிட்ட சின்ன லிஃப்டும் நின்றுவிட்டதாம். பனிச்சறுக்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கட்சி. பொலிவியாவில் சக்கால்தாயா என்று 5,300 மீட்டர் உயரத்தில் ஒரு ஸ்கீ தளம் இருந்தது. ஒருகாலத்தில் உலகிலேயே உயரமானது. அதன் பனியாறு 2009 இல் முற்றாக மறைந்துவிட்டது. 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 2,234 தளங்களைக் கணக்கிட்டது. பூமி 2 பாகை சூடானால், செயற்கைப் பனி போடாவிட்டால், அவற்றில் 53 சதவீதம் கடும் பனித் தட்டுப்பாட்டில் விழும் என்கிறது. காஷ்மீரின் ஸ்கீ ஊரான குல்மார்க்கிலேயே 2024 ஜனவரியில் மலை வெறுமையாகக் கிடந்தது. ஆடுகளமே உருகும்போது விளையாட்டு எப்படி நிலைக்கும்?

டுபாய் தலவாக்கலையான்:
மாறன் தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் பனியைப் பற்றியது. மக்களுக்கு ஆசை குறைந்ததா என்பதுதானே தலைப்பு? அமெரிக்காவில் 2022-23 பருவத்தில் 6 கோடியே 54 லட்சம் வருகைகள் பதிவாகின. அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். உலகம் முழுவதும் பார்த்தாலும், கொரோனா காலத்தை விட்டுவிட்டால், இருபது ஆண்டுகளாக வருகை 30 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில்தான் ஓடுகிறது. சீனா 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி 30 கோடிப் பேரைப் பனி விளையாட்டுகளுக்குள் கொண்டுவர இலக்கு வைத்து வேலை செய்தது. 2024 இல் ஷாங்காயில், அப்போது உலகின் மிகப் பெரிய உள்ளரங்கப் பனித்தளத்தைத் திறந்தார்கள். நான் வேலை செய்யும் டுபாயில் 2005 முதல் ஒரு மோலுக்குள் ஸ்கீ ஓடுகிறார்கள். வெளியே 45 பாகை வெயில், உள்ளே சறுக்குமலையில் பிள்ளைகள் கூட்டம். வார இறுதியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

பண்டாரவளை டீச்சர்:
அண்ணே, அந்த 6 கோடியே 54 லட்சம் ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஒருவர் ஒரு நாள் மலைக்குப் போனால் ஒரு வருகை, பத்து நாள் போனால் பத்து. 2008 இல் அமெரிக்காவில் எபிக் பாஸ் வந்தது. குளிர்காலம் தொடங்குமுன் ஒருமுறை காசு கட்டினால் பல மலைகளில் பருவம் முழுக்கச் சறுக்கலாம். கட்டிய காசு வீணாகக் கூடாது என்று அதே ஆள் மறுபடி மறுபடி போகிறார், வருகை ஏறுகிறது. புதிதாக ஒரு நாள் போய்ப் பார்க்க நினைப்பவருக்கு என்ன நிலை? கொலராடோவின் வெய்ல் மலையில் ஒருநாள் டிக்கட் உச்சப் பருவத்தில் 300 டொலரைத் தாண்டிவிட்டது. நம் இலங்கைக் காசில் 90,000 ரூபாய்க்கு மேல். தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மாதம் விடாமல் நாள் பேர் விழுந்து வேலை செய்தாலும் கைக்கு வராத தொகை.

இன்னொன்று. 1980களின் தொடக்கத்தில் அங்கே 700க்கு மேற்பட்ட ஸ்கீ மலைகள் இயங்கின. இன்று 500 கூட இல்லை. பெரும்பாலும் மூடியவை ஊர்ப்பக்கத்துச் சின்ன மலைகள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் போய் விழுந்து எழும்பிப் பழகிய இடங்கள் அவை. கூட்டம் பெருகி வாசல் சுருங்கினால் அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நானுஓயா மாறன்:
டீச்சர் சொன்னதோடு ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களில் அங்கே ஸ்கீ ஓடியவர்கள் ஏறத்தாழ 1 கோடி 80 லட்சம் பேர். இது வருகை இல்லை, ஆட்கணக்கு. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. கைவிடப்பட்ட லிஃப்டுகள் மலைச்சரிவுகளில் துருப்பிடித்து நிற்கின்றன.

டுபாய் தலவாக்கலையான்:
தம்பி, ஜப்பானில் பனிக்கா பஞ்சம்? வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இன்றும் கொட்டுகிறது. பனி இருந்தும் ஆள் குறைந்தது என்றால் உங்கள் முதல் வாதம் அங்கே பொருந்தவில்லையே. பொருளாதாரம் சரிந்தது, இளைஞர் தொகை குறைந்தது, கைக்காசு சுருங்கியது. அது அந்த நாட்டின் கதை. அதே ஹொக்கைடோவின் நிசெகோ ஸ்கீ தளத்தில் இப்போது ஆஸ்திரேலியரும் சிங்கப்பூர்க்காரரும் அறை கிடைக்காமல் அலைகிறார்கள். ஆள் மாறியிருக்கிறார்கள், ஆசை குறையவில்லை.

ஹட்டன் கரப்பந்து:
நான் விளையாட்டுப் பயிற்றுநர். அந்தக் கண்ணால் பார்க்கிறேன். நிசெகோ நிரம்புகிறது என்கிறீர்கள், சரி. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா? ஒரு விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனவர் ஆரிப் கான் ஒருவர்தான். குல்மார்க் பக்கத்துப் பையன். அவருடைய அப்பா அங்கே ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தார், அதனால் சின்ன வயதிலேயே காலில் பலகை ஏறிவிட்டது. கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கும் ராட்சத ஸ்லாலம் போட்டியில் 45ஆவதாக வந்தார். பதக்கம் இல்லைதான், ஆனால் அந்த மலையின் பிள்ளை அந்த மலையின் விளையாட்டை ஆடினான். எனக்கு அதுதான் பெரிது.

நம் பக்கத்தையும் யோசியுங்கள். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் 1875 முதல், கொல்ஃப் 1889 முதல். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் புல்லில் மட்டை பிடித்திருக்கிறார்கள்? ஆனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இரண்டு கம்பு, ஒரு வலை, வேலை விட்டு வந்த பெடியன்கள். கரப்பந்தை யாராலும் அழிக்க முடியாது.

டுபாய் தலவாக்கலையான்:
மாஸ்டர், நீங்கள் சொல்வதையே நான் வேறு பக்கம் இருந்து சொல்கிறேன். டுபாயில் முடிந்தது நுவரெலியாவில் ஏன் முடியாது? ஒரு சின்ன உள்ளரங்கம். ஏப்ரல் வசந்த காலத்துக்கு வரும் கூட்டம் ஆண்டு முழுக்க வரும், நம் பெடியன்களுக்கு வேலை கிடைக்கும். குளிர்ந்த ஊர், குளிரூட்டவும் செலவு குறையும்.

பண்டாரவளை டீச்சர்:
அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் நான் எதிர்க்கிறேன். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியே 2,524 மீட்டர்தான். குல்மார்க்கின் புல்வெளி அதைவிட உயரம், அதுவும் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவோ வடக்கே. இங்கே ஜனவரி, பெப்ரவரியில் விழும் உறைபனி கொழுந்தைக் கருக்கும், அவ்வளவுதான். சறுக்கும் பனி வேண்டுமென்றால் அரங்கத்தை 24 மணி நேரமும் பூச்சியத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்ற நீர்மின் தேக்கங்கள் நம் மலையில்தான் இருக்கின்றன, இருந்தும் மின்சாரக் கட்டணத்தைக் கட்ட லயத்து வீடுகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்து எத்தனை குடும்பம் போனது! இன்னும் பாதுகாப்பான காணிக்கு அலைகிறார்கள். சமதரை ஒன்று கிடைத்தால் முதலில் வீடு, அடுத்தது பிள்ளைகளுக்கு ஒரு மைதானம்.

டுபாய் தலவாக்கலையான்:
வீடு முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, டீச்சர். அரங்கம் பிறகு பேசுவோம். ஆனால் மவுசு குறைகிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விலை ஏறுவதே கேட்கும் ஆள் இருப்பதால்தான்.

நானுஓயா மாறன்:
விலை ஏற இன்னொரு காரணமும் இருக்கிறது, அண்ணே. செயற்கைப் பனிக்குத் தண்ணீர்க் குளம், குழாய், மின்சாரம் எல்லாம் செலவு. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மலைப் போட்டிகள் கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில்தான் நடந்தன. தாழ்ந்த மலைகளால் அந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை, மூடுகிறார்கள். பனி குறைவதும் வாசல் சுருங்குவதும் ஒரே சங்கிலி என்பேன்.

ஹட்டன் கரப்பந்து:
அப்படியென்றால் வருகையை விட்டுவிட்டு ஒன்றை எண்ணுங்கள்: ஒவ்வொரு குளிர்காலமும் முதல் தடவை பலகை மாட்டும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் மறுவருஷமும் வருகிறவர்கள் எத்தனை பேர்? மாறன், சுவிஸ் மாமாவிடம் கேளுங்கள். அந்த லிஃப்ட் நின்ற பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது எங்கே போய்ப் பழகுகிறார்கள்? பஸ் பிடித்து உயர மலைக்குப் போகிறார்களா, அல்லது விட்டுவிட்டார்களா? பதிலை இங்கேயே போடுங்கள்.