கொழும்பின் நாட்டார் இசை மன்றங்கள்: பைலாவுக்கும் பொப்பிசைக்கும் அங்கு இடமுண்டா?

கொட்டாஞ்சேனை வாசி:
கொழும்பில் இயங்கிய நாட்டார் இசை மன்றங்களின் நினைவுகளைத் தொகுக்கும்போது, போர்த்துக்கேயர் காலத்தில் வேர்கொண்ட துள்ளலிசையான பைலாவையும் அதன் வழிவந்த தமிழ்ப் பொப்பிசையையும் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 1970களின் பிற்பகுதியில், கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடிய சிறு மன்றத்தில் நான் பிற்பாட்டுப் பாடியவன். துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாருமே அங்கு வந்தனர். கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தாளக்கட்டை அடித்துக் காட்டினால், அதை வாயால் சொல்லிப் பிசகாமல் ஆடும்வரை அடுத்த பாட்டுக்குப் போக விடமாட்டார். கரையோர ஊரவர்கள் மீனவரின் தொழிற்பாட்டான அம்பா பாடும்போது, உட்கார்ந்திருந்தபடியே வலை இழுக்கும் அசைவு அவர்கள் தோள்களில் தெரியும். அந்தப் பாட்டு தொழிலில் பிறந்தது. அதைக் கட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பாடகர் பெயரோடு இசைத்தட்டில் வந்த பாட்டை இதனோடு எப்படிச் சேர்த்து வைப்பது?

வெள்ளவத்தைக் கடலோரம்:
ஐயா, உங்கள் மன்றத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள். ஆனால் உங்கள் அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரும் தலைமுறைகளாகப் பாடிவந்த, பைலாவுக்கு மூலமான கஃபிரிஞ்ஞா என்னும் ஆடல் மெட்டுகளைக் கட்டியவர் யாரென்றும் எவருக்கும் தெரியாது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்டியன் அவற்றுக்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பாடிப் பரப்பினார். இருவர் எதிரெதிரே நின்று, கொடுக்கப்பட்ட பொருளுக்கு அந்தக் கணத்திலேயே அடி கட்டிப் பாடும் வாதப் பைலாவைக் கேட்கும்போது, கிழக்கில் ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் கவிகள் உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையா? பொப்பிசைப் பாடகர்களான நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் ‘சுராங்கனி’ பாடும் பலருக்கு மனோகரனின் பெயர் தெரியாது. பெயர் மறைந்து பாட்டு நிற்பதைத்தானே நீங்களும் நாட்டார் பாடலின் இலக்கணமாகச் சொன்னீர்கள்?

மட்டக்குளி மாணவி:
கூத்தும் மாறாமல் வந்த கலையன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, சுற்றிலும் இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து, முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மாற்றத்தை ஏற்பவர்கள் பொப்பிசையின் கிட்டாரைக் கண்டு ஏன் விலக வேண்டும்?

கொட்டாஞ்சேனை வாசி:
வாதப் பைலா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் தங்கை கூறும் மாற்றம் வேறு வகையானது. பேராசிரியர் நேரத்தையும் மேடையையும் மாற்றினார். ஆட்டத்தையும் மத்தளத்தையும் அண்ணாவிமாரிடமிருந்தே பெற்றார். என் கவலை வேறு. பைலாவைக் காக்க மன்றம் தேவையில்லை. இன்றும் கொழும்பில் எந்தத் திருமண மண்டபத்திலும் இரவு பத்து மணிக்குமேல் அதுதான் ஒலிக்கிறது. எங்கள் மன்றமோ 1983 ஆடிக் கலவரத்தோடு முடிந்தது. அண்ணாவியார் ஊருக்குக் கப்பலேறினார். மத்தளம் அந்த மேல்மாடியிலேயே எரிந்துபோயிற்று. ஆகவே, வேறு எங்கும் பதிவாகாத அந்தப் பாட்டுகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்கிறேன்.

வெள்ளவத்தைக் கடலோரம்:
முதலிடம் அவற்றுக்கே இருக்கட்டும், ஐயா. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பைலாவுக்கு மன்றம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருமண மண்டபத்தில் ஒலிப்பது எல்லாரும் அறிந்த பத்துப் பதினைந்து பாட்டுகள் மட்டுமே. என் தந்தையார் அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மண்டலினோடும், மேசையைத் தட்டிய தாளத்தோடும் பாடியவற்றில் தமிழும் சிங்களமும் ஒரே அடியில் கலந்து வரும். அவற்றை எவரும் ஒலிநாடாவில் பிடிக்கவில்லை. மண்டலின் வாசித்தவர் சிங்களவர். அதே ஆடியில் மூன்று நாள் எங்களைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவரும் அவரே. அதன்பின் அந்த விறாந்தையில் அவர்கள் கூடவே இல்லை. எனக்கு இன்னும் நான்கு பாட்டுகள் நினைவிருக்கின்றன. உங்கள் அம்பாவுக்குப் பின்னாலாவது அவற்றை எழுதி வைக்க இடம் தாருங்கள்.