கலைச்சொல்: மோனோகாக் என்பதற்குத் ‘தாங்கோடு’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களையும் சொகுசு கார்களையும் பற்றித் தமிழில் எழுத முனையும் எவரும் ‘மோனோகாக்’ (தனி அடிச்சட்டம் இல்லாமல் உடலே சுமையைத் தாங்கும் கார் அமைப்பு) என்ற இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். இந்த இழையில் இதுவரை ஒற்றையோடு, ஓட்டுடல், தாங்குடல் ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் குறை இருப்பதாகக் கருதுவதால் ‘தாங்கோடு’ (தாங்கும் ஓடு) என்ற நான்காவது சொல்லை முன்மொழிகிறேன்.

பொருளிலிருந்து தொடங்குகிறேன். பழைய காருக்கு அடியில் எஃகால் ஆன ஏணி போன்ற ஓர் அடிச்சட்டம் இருக்கும். எஞ்சின், அச்சுகள், வில்கள் (ஸ்பிரிங்) அனைத்தையும் அதுவே சுமக்கும். மேலே இருக்கும் உடல், மழைக்கும் வெயிலுக்கும் போட்ட கூண்டுதான். கரூரிலும் நாமக்கல்லிலும் ‘சேசிஸ் வாங்கிப் பாடி கட்டுவது’ என்று இன்றும் சொல்லும் தொழிலும் இதே முறையில் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விற்றதும் அடிச்சட்டத்தையே. வாங்கியவர் அதை ஹூப்பர், பார்க் வார்டு, ஜேம்ஸ் யங் போன்ற கூண்டு கட்டுநரிடம் கொண்டுபோய்த் தமக்கு வேண்டிய உடலைக் கட்டிக்கொண்டார். ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸும் 1927-இல் ஆஸ்டின் செவன் அடிச்சட்டத்தின் மேல் அழகிய உடல்களை ஏற்றித்தான் கார்த் தொழிலுக்குள் வந்தார். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் அனைவரையும் ஈர்த்த அவருடைய எக்ஸ்கே 120 காருக்கும் தனி அடிச்சட்டமே இருந்தது.

மோனோகாக் இந்தப் பிரிவினையை நீக்கியது. தகடுகளை மடித்துப் பற்றவைத்து உருவாக்கிய உடலே சுமையையும் முறுக்கத்தையும் தாங்குவதால் அடியில் தனிச்சட்டம் தேவைப்படவில்லை. ஜாகுவார் 1955-இல் தன் 2.4 லிட்டர் காரில் இதற்கு மாறியது. ரோல்ஸ் ராய்ஸ் 1965-இல் சில்வர் ஷேடோவுடன் மாறியது. உடலைக் கழற்றினால் கார் என்று எதுவும் மிஞ்சாத நிலையில், கூண்டு கட்டுநருக்கு வேலையும் மிஞ்சவில்லை. ஹூப்பர் 1959-இலேயே அந்தத் தொழிலை விட்டுவிட்டது. முழு உடலாக வந்து சேர்ந்த சில்வர் ஷேடோவை இரண்டு கதவுக் காராக மாற்றிக் கொடுப்பதுடன் ஜேம்ஸ் யங்கின் கைத்திறன் நின்றுபோயிற்று. ஒரு கைத்தொழிலின் முடிவே இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பதால்தான் அதை அவசரமாகத் தேர்ந்துவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்கள். ‘ஒற்றையோடு’, ஒரே ஓடு என்று பொருள்படும் பிரெஞ்சு மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் அந்த உடல் ஒரே துண்டால் ஆனதன்று, பல தகடுகளை இணைத்துச் செய்தது. ‘ஒற்றை’ என்ற அடை படிப்பவரை எண்ணிக்கையின் பக்கம் இழுக்கிறது. இங்கே முக்கியமானது தாங்கும் தொழில். ‘ஓட்டுடல்’ என்பதை முட்டை ஓட்டோடு தொடர்புபடுத்திப் படிப்பவர் குறைவு. கார் பற்றிய கட்டுரையில் ‘ஓட்டு’ என்றால் ஓட்டுநரே நினைவுக்கு வருவார். ‘தாங்குடல்’ பொருளால் மிகச் சரியானது, ஆயினும் சிறுகுடல், பெருங்குடல் என்ற வரிசையில் போய் நின்றுவிடுகிறது. ‘கூடு’ என்று முடிக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எலும்புக்கூடு என்ற சொல் இருக்கும்வரை கூடு உள்ளே நிற்கும் சட்டத்தையே உணர்த்தும். நமக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிரானது. மேலோடு, மண்டையோடு என்பவற்றைப் போலத் ‘தாங்கோடு’ இயல்பாகப் புணர்கிறது. தாங்கோட்டு உடல், தாங்கோட்டுக் கார் என்று அடையாகவும் வருகிறது.

இந்த வேறுபாடு நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கார்களிலேயே இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் தொடர் என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் தாங்கோட்டுக் கார். 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனி அடிச்சட்டம் கொண்டது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்துக்கு தகடுகளை அழுத்தி உடல் செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனமான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953-இல் வாங்கிவிட்டதால், ஹெரால்டின் உடலைப் பகுதி பகுதியாகச் செய்து சட்டத்தின் மேல் மரையாணியால் பூட்டும் பழைய முறைக்கே அந்நிறுவனம் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது.

‘சட்டம்’ என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் உருவாகும் மோர்கன் கார்களுக்கு மரத்தால் ஆன அடிச்சட்டம் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அவற்றின் அடிச்சட்டம் உலோகத்தால் ஆனது. தகடுகளைத் தாங்கும் உள்சட்டமே ஆஷ் மரத்தால் ஆனது. முதலாவதை அடிச்சட்டம் என்றும் இரண்டாவதை உடற்சட்டம் என்றும் நாம் உறுதியாக வேறுபடுத்தினால் இப்பிழை தமிழில் நுழையாது.

1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் இச்சொல்லுக்குக் கடினமான தேர்வு. அதன் தாங்கோடு பயணிகளின் கால்களுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து எஃகுக் குழாய்ச் சட்டம் ஒன்று முன்னோக்கி நீண்டு எஞ்சினைச் சுமக்கிறது. பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955 முதல் 1957 வரை தொடர்ந்து வென்ற டி-டைப் பந்தயக் காரிலிருந்து வந்த அமைப்பு இது. ‘நடுவே தாங்கோடும் முன்னே குழாய்ச் சட்டமும் கொண்ட கார்’ என்று நெருடல் இல்லாமல் எழுத முடிகிறது. ‘ஒற்றையோடு’ இங்கே பொருந்தியிருக்காது.

எஞ்சியிருப்பது லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம். 1957-இல் கண்ணாடியிழையாலேயே முழுத் தாங்கோடு செய்து எலீட் காரைக் காட்டிய அதன் நிறுவனர் காலின் சாப்மன், கூரை திறந்த எலான் காருக்கு 1962-இல் நடுவில் ஓடும் ஒரே எஃகுத் தண்டைச் சட்டமாக வைத்தார். இதற்குத் ‘தண்டுச் சட்டம்’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன்; ‘முதுகெலும்புச் சட்டம்’ நீளமாக இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.