பழைய கணினியில் பிரவுசர்: அப்டேட் செய்வதா, மாறுவதா? உங்கள் அனுபவம்

வணக்கம். பழைய கணினியில் இருக்கும் பிரவுசரையே ஓட்டலாமா, வேறொன்றுக்குப் போகலாமா என்று யாராவது குழம்பிக்கொண்டிருந்தால் என் கதை உதவலாம் என்று எழுதுகிறேன். நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது 2011இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அப்பா பயன்படுத்தியது. அவர் தட்டச்சு செய்து வைத்த கடிதங்களும் வீட்டுக் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. கீபோர்டில் நாலைந்து எழுத்து தேய்ந்து போயிருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதைத் தூக்கிப் பரண்மேல் போட மனம் வரவில்லை.

2023 தொடக்கத்தில் குரோமைத் திறந்தால் மேலே ஒரு பட்டை வர ஆரம்பித்தது: இனி அப்டேட் வேண்டுமானால் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று. மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பக்கங்கள் எப்போதும்போலத் திறந்தன, அதனால் அவசரம் எதுவும் தெரியவில்லை. விஷயம் இதுதான்: குரோம் 109தான் விண்டோஸ் 7, 8, 8.1க்கான கடைசிப் பதிப்பு. 110இலிருந்து அவற்றில் ஏறாது. எட்ஜும் 109உடன் நின்றுவிட்டது. காரணம், விண்டோஸ் 7க்குப் பணம் கட்டிய நிறுவனங்களுக்குக் கிடைத்துவந்த நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டே 2023 ஜனவரி 10உடன் முடிந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த 109ஐயே ஓட்டினேன். அதில் பணப் பரிமாற்றமும் செய்தேன். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு வங்கியின் தளம் ஒருநாள் "உங்கள் உலாவி பழையது" என்று உள்ளே விடாமல் நிறுத்திய பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அன்றுவரை இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது புரிந்தது. ஒன்று, கணினி மெதுவாக இருக்கிறது. இன்னொன்று, பிரவுசருக்குப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வரவில்லை. முதலாவது எரிச்சல், அவ்வளவுதான். இரண்டாவதில் நம் பாஸ்வேர்டும் பணமும் இருக்கின்றன. நான் முதலாவதைப் பற்றியே கவலைப்பட்டு இரண்டாவதை விட்டுவிட்டேன்.

"பழைய பதிப்பு இலகுவானது, புதியதைப் போட்டால் கணினி படுத்துவிடும்" என்று நானும் நம்பியிருந்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. குரோம் 2018லிருந்தே ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில், அதாவது தனியாக ஓடும் நிரலாக, வைக்கிறது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்காமல் இருக்க அது வேண்டும், ஆனால் ராம் போகும். அது 109லும் உண்டு. ராமைத் தின்றது பதிப்பு எண் அல்ல, திறந்து வைத்த இருபது டேபும் எதற்குப் போட்டேன் என்றே நினைவில்லாத ஒன்பது எக்ஸ்டென்ஷனும்.

விண்டோஸ் 7ஐ அப்போதைக்கு விட முடியாத நிலை. அதனால் பயர்பாக்ஸ் 115 இ.எஸ்.ஆர். போட்டேன். புது வசதிகள் வராமல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் நீண்டகாலப் பதிப்பு அது. விண்டோஸ் 7, 8க்கு அதை 2024 செப்டம்பரோடு நிறுத்துவதாக மொசில்லா முதலில் சொல்லியிருந்தது. அப்புறம் அந்தத் தேதியைப் பலமுறை தள்ளிவைத்தது. மாறும்போது குரோமிலிருந்து புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அதுவே கேட்டு எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் புக்மார்க்கை எச்.டி.எம்.எல். கோப்பாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். பாஸ்வேர்டையும் அப்படி எடுத்தால் அது நோட்பேடில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய கோப்பு. வேலை முடிந்ததும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒன்பதில் ஒன்றுதான் மிச்சம்: விளம்பரத் தடுப்பான் யுபிளாக் ஆரிஜின். ஒரு பக்கத்தோடு வரும் விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும் இறங்காமல் போனாலே பழைய பிராசஸருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. வங்கித் தளமும் உள்ளே விட்டது.

* * *

சார், நீங்கள் பிரவுசரை மாற்றிச் சரிசெய்தீர்கள். நான் மூன்று பிரவுசரை மாற்றியும் சரியாகாமல் கடைசியில் ஒரு சின்ன பேட்டரியில் வந்து நின்றேன்.

வீட்டில் இருந்த மேஜைக் கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்றே வந்தது. பிரவுசர் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இன்னொன்றை இறக்கினேன், அதிலும் அதே. சரி, கணினியையே மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அக்காள் மகன் வந்தவன் திரையின் மூலையைப் பார்த்து, "மாமா, தேதி ஏன் 2009 என்று இருக்கிறது?" என்று கேட்டான்.

மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர்.2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துப்போனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களுக்கு "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை" என்று ஒரு காலவரை உண்டு. கணினி தன்னை 2009இல் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ் எல்லாமே அதற்கு இன்னும் பிறக்காத குழந்தை. எந்த பிரவுசர் போட்டாலும் அது மறுக்கத்தான் செய்யும், மறுப்பதும் சரிதான்.

பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினேன். ஐந்து நிமிட வேலை. பிரவுசரை மாற்றுமுன் தயவுசெய்து தேதியைப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தும் இந்தப் பிழை வரலாம். 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய ரூட் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது) காலாவதியாகி, இலவசமாகத் தரப்படும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வைத்திருந்த பல தளங்கள் பழைய சாதனங்களில் திறக்காமல் போயின. பயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே கொண்டுவருவதால், அப்படிப்பட்ட இடத்தில் அதற்கு மாறுவது உண்மையிலேயே பலன் தரும்.

* * *

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. என் அம்மா பழைய கணினியில் சமையல் குறிப்பு படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்க, "உங்கள் பிரவுசர் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று வந்திருக்கிறது. பெரிய பொத்தான், அசல் லோகோ. அவருக்கு அப்டேட் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். அழுத்திவிட்டார். இறங்கியது வைரஸ். அவருடைய மின்னஞ்சலிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் குப்பை போக ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தப்பு அவருடையது இல்லை.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் வலைப்பக்கம் ஒருபோதும் பிரவுசரைப் புதுப்பிக்காது. அப்டேட் வேண்டுமென்றால் பிரவுசரின் மெனுவில் "உதவி" என்பதற்குள் "பற்றி" என்று இருக்கும், அங்கே போங்கள். புதிதாக வேண்டுமென்றால் அதைத் தயாரிப்பவரின் முகவரியைக் கையால் அடித்துப் போங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை இன்றே சொல்லுங்கள்.

* * *

என் பிரச்சினை வீடியோ. செய்தி, மின்னஞ்சல் எல்லாம் ஓடும். யூடியூப் திறந்தால் மட்டும் மின்விசிறி அலறும், படம் திக்கித்திக்கி வரும். பிரவுசர்தான் காரணம் என்று நானும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினேன்.

காரணம் வேறு. யூடியூப் இப்போது வி.பி.9, ஏ.வி.1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கிராபிக்ஸ் சிப் பலவற்றுக்கு இவை தெரியாது, எச்.264 என்ற பழைய முறைதான் தெரியும். தெரியாததை அவிழ்க்கும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. எச்264இஃபை என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, அது யூடியூபிடம் எச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும். 1080பிக்கு மேல் தரம் கிடைக்காது, என் திரைக்கு அது போதும். போட்ட அன்றே மின்விசிறி அடங்கியது. பிரவுசர் அதேதான்.

* * *

சூப்பர்மியம் என்ற பிரவுசர் பற்றி யாரும் சொல்லவில்லையே? விண்டோஸ் எக்ஸ்பியிலும் 7லும் புதிய குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான நிரல்) ஓடும்படி செய்து தருகிறார்கள். நான் ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

* * *

தலைப்பைத் தொடங்கியவன்தான். சூப்பர்மியத்தை நானும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. அதைச் செய்கிறவர்களின் உழைப்பு பெரியது, மதிக்கிறேன். ஆனால் ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஒரு சின்னக் குழுவின் கைக்கு வந்து, அவர்கள் சேர்த்து, அப்புறம்தான் நமக்கு வரும். அதோடு கீழே இருக்கும் எக்ஸ்பிக்கு யாரும் எதையும் அடைப்பதில்லை. படிப்பதற்கு, பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

* * *

நண்பரே, நீங்கள் சொன்ன "கீழே இருக்கும்" என்பதைப் பிடித்துக்கொண்டு என் அனுபவத்தையும் சொல்கிறேன். எல்லாரும் பிரவுசரைப் பேசுகிறோம், முடிவைத் தீர்மானிப்பதோ ஆபரேட்டிங் சிஸ்டம். எக்ஸ்பி, விஸ்டா வைத்திருந்தவர்களை 2016இல் குரோம் விட்டது, 2018இல் பயர்பாக்ஸ் விட்டது. விண்டோஸ் 7க்கும் அதே கதை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இதே கேள்வி அதற்கும் ஒருநாள் வரும்.

நான் விண்டோஸை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸுக்கு மாறினேன், ஆனால் முதல் முயற்சி சறுக்கியது. என் விண்டோஸ் 32 பிட், அதாவது பழைய வகை. புதிய வகை 64 பிட். அதனால் கணினியும் 32 பிட் என்று எண்ணி 32 பிட் லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். குரோம் 32 பிட் லினக்ஸை 2016இலேயே விட்டுவிட்டது, பயர்பாக்ஸும் 2025இல் 145ஆம் பதிப்பிலிருந்து வழக்கமான வெளியீட்டில் நிறுத்திவிட்டது. மறுபடியும் முட்டுச்சந்து. பிறகு பிராசஸரின் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் அது 64 பிட்! இத்தனை வருடம் 32 பிட் விண்டோஸ் போட்டு ஓட்டியிருக்கிறேன். உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் எதையும் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிறுவினேன்.

ஒரு சின்ன விஷயம், பயர்பாக்ஸ்காரர்களுக்கு: புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலை (புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும் கோப்புறை) பழைய பதிப்பு திறக்காது. 2019லிருந்து அப்படித்தான். பதிப்பு இறக்கினால் புக்மார்க் எல்லாம் காணாமல் போனதுபோல் வெறும் திரை வரும். பதறாதீர்கள், முகவரிப் பட்டையில் about:profiles என்று அடித்துத் திறந்தால் பழையது அங்கே பத்திரமாக இருக்கும்.

* * *

தொடங்கியவன் மறுபடியும். தாமதத்துக்கு மன்னியுங்கள், நீங்கள் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தேதி சரியாக இருந்தது. பிராசஸர் 64 பிட். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டினேன், ராமை 8 ஜிபி ஆக்கினேன், லினக்ஸ் மின்ட் போட்டேன். பயர்பாக்ஸ் எல்லாரையும்போல இன்றைய பதிப்பு. வேகத்தில் கண்ட மாற்றத்தில் பெரும்பகுதி எஸ்.எஸ்.டி.யால் வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு டேப் மாறும்போதெல்லாம் ராம் போதாமல் டிஸ்கில் எழுதிப் படித்து, விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருக்கும். இப்போது அது இல்லை. அம்மாவைப் பற்றி எழுதியவருக்குத் தனியாக நன்றி. உங்கள் பதிவை எங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

அப்பாவின் கோப்புகளை முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டேன். புதிய லினக்ஸில் அவருடைய கடிதம் ஒன்றைத் திறந்தால் வரி முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும். நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது, அவர் இன்று எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடில் அடிக்கவில்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவர். கழற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து, விண்டோஸின் எழுத்துரு கோப்புறையிலிருந்து பாமினியை நகலெடுத்துப் போட்டுவிட்டு மறுபடி திறந்தேன். எழுத்துகள் வந்தன.