போக்கர்: நாலு லிம்ப்புக்கு அப்புறம் பட்டன்ல ஆட்டின் 7-6: ரெய்ஸா, சும்மா உள்ள போறதா?

ஆறேழு_ஆட்டின்:
போன வாரம் வேகாஸ்ல போக்கர், 1/3 நோ லிமிட் (சீட்டு பாக்காமலே ரெண்டு பேர் கட்டாயம் போடுற ப்ளைண்ட் 1 டாலரும் 3 டாலரும், கையில இருக்குற வரைக்கும் எவ்ளோ வேணா அடிக்கலாம்). என்கிட்ட 300 டாலர், டேபிள்ல மத்தவங்களும் கிட்டத்தட்ட அவ்ளோதான். நான் பட்டன் (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசுற சீட்), எனக்கு முன்னாடி நாலு பேர் 3 டாலர் போட்டு லிம்ப் (ஏத்தாம சும்மா உள்ள வர்றது), கையில ஆட்டின் ஏழு ஆட்டின் ஆறு, பாத்ததும் கை அரிச்சிடுச்சு, 20க்கு ரெய்ஸ் (பந்தயத்த ஏத்துறது). ப்ளைண்ட் ரெண்டும் மடிச்சாச்சு, ஆனா அந்த நாலு பேரும் ஒருத்தர் விடாம கால், அதே 20ஐப் போட்டு வந்துட்டாங்க. ரேக் (கேசினோ எடுத்துக்கற பங்கு) 5, ஜாக்பாட்டுக்கு 1 எடுத்தது போக நடுவுல 98. ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவா விரிக்கிற முதல் மூணு சீட்டு) ஸ்பேட் கிங், டைமன் எட்டு, ஸ்பேட் அஞ்சு. எல்லாரும் செக் (காசு போடாம விட்டாங்க), நான் 60 அடிச்சேன், ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டே வந்தாங்க. டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) கிளாவர் ரெண்டு, முத ஆளு மிச்சம் 220ஐயும் தள்ளிட்டாரு, மடிச்சேன். அவர் கையில இருந்தது கிங்-பத்து, சூட்டட் (ரெண்டும் ஒரே சின்னம்) கூட இல்ல. 80 டாலர் போச்சு. ரெய்ஸே தப்பா இல்ல என் நேரமா?

பொறுமைக்காரன்:
நேரம்லாம் இல்ல தம்பி, ரெய்ஸ்தான் தப்பு. நடுவுல இருந்தது 16 டாலர். அதைத் தூக்க நீ 20 போடுற, மடிப்பை மட்டும் நம்பி லாபம் பாக்கணும்னா நூத்துக்கு 56 தடவை எல்லாரும் மடிக்கணும். ஒவ்வொருத்தனும் நூத்துக்கு 70 தடவை மடிப்பான்னு தாராளமா வச்சாலும் நாலு பேரும் ஒண்ணா மடிக்கிறது 24 தடவைதான் வரும். அந்த டேபிள்ல 3 போட்டவன் 20க்கு மடிக்கவா வேகாஸ் வந்தான்?

ஹூஸ்டன்_ரெய்ஸர்:
அண்ணே இந்த மடிப்புக் கணக்கே அரைக் கணக்கு. மடிக்கலன்னா நம்ம கை செத்தா போச்சு? பட்டன்ல கடைசியா பேசுறோம், பாட் (நடுவுல சேர்ற காசு) பெருசாச்சு, ஸ்ட்ரெய்ட் (வரிசையா அஞ்சு சீட்டு) விழுந்தா ஒருத்தன் முன்னாடி இருக்குற காசு, முழு ஸ்டாக்கையும் வாங்கலாம். அதுவுமில்லாம ஃப்ளாப்புக்கு முன்னாடியே எல்லாரும் மடிச்சா ரேக்கே எடுக்க மாட்டாங்க. லிம்ப் பண்ணி லிம்ப் பண்ணி 5 டாலர் ரேக் கட்டியே தேஞ்சு போனவங்கள நெறைய பாத்திருக்கேன். நான் இந்த கையை எப்பவும் ரெய்ஸ்தான்.

பொறுமைக்காரன்:
விழுந்தா, விழுந்தான்னு சொல்லுற, எவ்ளோ தடவை விழும்? சூட்டட் கையில ஃப்ளாப்லயே ஃப்ளஷ் (அஞ்சு சீட்டும் ஒரே சின்னம்) 119 தடவைக்கு ஒரு தடவை. ஃப்ளஷ் ட்ரா (இன்னும் ஒரு சீட்டு வந்தா ஃப்ளஷ்) வர்றதே நூத்துக்கு 11. அப்ப இந்தக் கை எப்படிப் பொழைக்கும்? கம்மி காசுக்கு ஃப்ளாப் பாக்கணும், அடிச்சா பின்னாடி நெறைய காசு இருக்கணும், ரெண்டும் வேணும். லிம்ப் பண்ணியிருந்தா நடுவுல 20 சொச்சம், பின்னாடி 297, அதாவது பதினாலு மடங்கு. இவன் ரெய்ஸ் பண்ணதால நடுவுல 98, பின்னாடி 280, மூணு மடங்கு கூட இல்ல. மூணு மடங்குல ஒரு ஜோடி கிங் வச்சிருக்கவன் கண்ணை மூடிக்கிட்டு தள்ளலாம், தள்ளுனான். ட்ரா வச்சிருக்கவன் கதி அதோகதி.

அப்புறம் தம்பி, ஃப்ளாப்ல உனக்கு ஸ்ட்ரெய்ட் குடுக்குற சீட்டு, அதாவது அவுட், நாலு '4', நாலு '9', அந்த எட்டும் எட்டு இல்ல. போர்டுல (பொதுச் சீட்டுல) ரெண்டு ஸ்பேட், ஸ்பேட் நாலும் ஸ்பேட் ஒன்பதும் வந்தா உனக்கு ஸ்ட்ரெய்ட், வேற எவனுக்காவது ஃப்ளஷ்.

ஆறேழு_ஆட்டின்:
டர்ன்ல மடிச்சதாவது சரியா?

பொறுமைக்காரன்:
அது ஒண்ணுதான் சரி. 498 ஜெயிக்க 220 போடணும், நூத்துக்கு 31 வேணும், எட்டு அவுட்டும் சுத்தம்னே வச்சாலும் உனக்கு 17தான்.

ரிவர்ல_செத்தவன்:
இடைல வர்றேன், நான் இப்ப டீலர் வேலை பாக்குறேன், தினமும் பாக்குற கூத்துதான் இது. ரெண்டு பேரும் வேற வேற ஆட்டத்தப் பத்தி சண்ட போடுறீங்க. ஹூஸ்டன், உங்க ஊர் க்ளப்ல ரேக் கிடையாதுல்ல, சீட்டுக்கு மணிக்கு இவ்ளோன்னு வாங்குவாங்க. ஸ்டாக்கும் பெருசா இருக்குமே?

ஹூஸ்டன்_ரெய்ஸர்:
ஆமா, மணிக்கணக்குதான். 1/3ன்னு பேரு, ஆனா டேபிள்ல 1000 இல்லாதவன் கம்மி. அட... அப்ப 20க்கு ரெய்ஸ் பண்ணி நாலு பேர் வந்தாலும் பின்னாடி பத்து மடங்கு இருக்கு. 300ல அது இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரே ஒரு லிம்ப்பர் இருந்தா 300லயும் ரெய்ஸ்தான், இதுல மாத்திக்க மாட்டேன். 15 போடுறேன், அவன் மட்டும் வர்றான், ரேக் போக 31. ஜோடி இல்லாத கை மூணுல ரெண்டு தடவை ஃப்ளாப்ப மிஸ் பண்ணும், நான் 15 அடிச்சா மூணுல ஒரு தடவை மடிச்சாலே எனக்குப் போதும்.

பொறுமைக்காரன்:
ஒரு லிம்ப்பர்னா நானும் ரெய்ஸ்தான், நான் எங்க இல்லன்னேன்? நாலு பேருக்கு எதிரா அடிக்கிற 60தான் நெருப்புல போட்ட காசு, நாலுல ஒருத்தன்கிட்ட கிங் இருக்காதா?

ஹூஸ்டன்_ரெய்ஸர்:
மொதல்ல "ரெய்ஸ்தான் தப்பு"ன்னு மொட்டையா சொன்னது யாரு?

ரிவர்ல_செத்தவன்:
ஆரம்பிச்சிட்டாங்க மறுபடியும்.

ஆறேழு_ஆட்டின்:
சரி அதே டேபிள், அதே நாலு லிம்ப், இந்த தடவை 5-5. எட்டரை தடவைக்கு ஒரு தடவை ஃப்ளாப்ல இன்னொரு 5 வந்து செட் (மூணும் ஒரே நம்பர்) விழும்னு தெரியும், லிம்ப்தானே?

பொறுமைக்காரன்:
லிம்ப். செட் விழலன்னா மூடிக்கிட்டு மடி, உன் கை அரிப்பு எனக்குத் தெரியும்.